கையில் இருப்பது கால்வாயும் குப்பையும்: பினாங்கு மாநகர் மன்றத்தின் காலநிலைத் திட்டம்

ஜார்ஜ் டவுன் தெருக்களில் 1961 வரை டிராலிபஸ் ஓடியது. மேலே மின்கம்பி, கீழே ரப்பர் சக்கரம், புகை என்ற பேச்சே கிடையாது. அதற்கு முன்னால், 1906 முதல் 1936 வரை, மின்சார டிராம் ஆயர் ஈத்தாம் பக்கம் போய்வந்தது. இரண்டையும் நடத்தியது நகராட்சி. வீட்டுக்கு மின்சாரம் கொடுத்ததும், மலைத் தண்ணீரைக் குழாயில் இறக்கியதும் அதே நகராட்சிதான். இன்று உலகத்து நகரங்கள் எல்லாம் காலநிலைத் திட்டம் என்ற பெயரில் எதற்கு ஆசைப்படுகின்றனவோ, அதில் பாதி நம் ஊரில் தாத்தா காலத்திலேயே இருந்தது. புகையில்லாத பொதுப் போக்குவரத்து, ஊருக்குச் சொந்தமான மின்சாரம், ஊருக்குச் சொந்தமான தண்ணீர்.

பிறகு ஒவ்வொன்றாகக் கைமாறியது. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மாநகர் அந்தஸ்து பெற்றது. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவரான டி.எஸ். ராமநாதன் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965இல் நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1970களில் தண்ணீர் தனி வாரியத்துக்குப் போனது. மின்சாரம் தேசிய மின்சார வாரியத்துக்குப் போய், இன்று தெனாகா நேஷனலிடம் இருக்கிறது. பஸ் ரேப்பிட் பினாங்கு ஆனது. உள்ளாட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர மாநில அரசு 2012இல் ஒரு சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, 2015இல் மறுபடி மாநகர் அந்தஸ்து பெற்ற பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் இன்று ஒரு மேயரும் 24 உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் மாநில அரசு நியமித்தவர்கள்.

இந்தப் பழங்கதைக்கு இங்கே வேலை இருக்கிறது. “மாநகர் மன்றம் காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்யப் போகிறது?” என்று கேட்கும்போது, அதன் கையில் எந்தச் சாவி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துவிட்டுக் கேட்டால்தான் பதில் புரியும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அறிவிப்புக்கும் கைதட்டுவோம், அல்லது ஒவ்வோர் அறிவிப்பையும் கேலி செய்வோம். இரண்டும் சுலபம்.

காலநிலை வேலை இரண்டு வகை. ஒன்று, வெப்பத்தைக் கூட்டும் வாயுக்களைக் குறைப்பது. இன்னொன்று, கூடிவிட்ட வெப்பத்துக்கும் மழைக்கும் ஊரைத் தயார்படுத்துவது. முதல் வகைக்குப் பெரிய சாவிகள் மின்சாரமும் வாகனமும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது; அதை மாற்றுவது புத்ராஜெயாவின், அதாவது மத்திய அரசின் வேலை. 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு ரிங்கிட் உற்பத்திக்கும் வெளியாகும் கார்பன் அளவை 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பது என்ற நாட்டின் இலக்கும் அங்கிருந்துதான் வருகிறது. வாகனத்துக்கு மாற்றாக எல்ஆர்டி என்ற இலகு ரயில் வரும் என்று நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த பேச்சும் 2024இல் மத்திய அரசின் கைக்குப் போய், 2025 ஜனவரியில் முத்தியாரா தடம் என்ற பெயரில் கட்டுமானம் தொடங்கியது. மன்றம் தன் பங்குக்குத் தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றலாம், தன் கட்டடங்களில் மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம், ஊருக்குள் சுற்றும் இலவச கேட் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கலாம். நல்லதுதான். ஆனால் ஊரின் மொத்தக் கணக்கில் இவை சின்னத் தொகை. கார்பன் குறைந்த நகரம் என்று பேனர் கட்டும்போது இந்த அளவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வகையில் கதை வேறு. கால்வாய், மரம், சாலையோரம், பூங்கா, குப்பை, கட்டட அனுமதி, இவை இன்னும் மன்றத்திடம்தான் இருக்கின்றன. மன்றத்தின் காலநிலைத் திட்டத்தில் உருப்படியான பகுதி எது என்றால் இதுதான்.

மழையிலிருந்து தொடங்குவோம். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையைப் பினாங்கில் யாரும் மறக்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அது அசாதாரண மழை. ஆனால் அசாதாரணம் இல்லாத மழைக்கும் நம் ஊரில் சில இடங்களில் தண்ணீர் நிற்கிறதே, அது ஏன்?

சுங்கை பினாங்கை, அதாவது பினாங்கு ஆற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆயர் ஈத்தாம் மலையிலிருந்து ஓர் ஆறு வருகிறது. தண்ணீர்மலைப் பக்கமிருந்து, தாவரவியல் பூங்கா வழியாக, சுங்கை ஆயர் தெர்ஜுன் வருகிறது. இரண்டும் சேர்ந்து சுங்கை பினாங்காகி, ஜெலுத்தோங் ஓரமாகக் கடலில் விழுகின்றன. மலை செங்குத்து, சமவெளி குறுகல். மலையில் விழுந்த மழை ஊருக்குள் வந்துசேர அதிக நேரம் பிடிப்பதில்லை. வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கடல் ஏற்றத்தில் இருந்தால் ஆற்றுநீருக்குப் போக இடம் இருக்காது. கடல்நீர் கால்வாய்க்குள் ஏறாமல் இருக்க முகத்துவாரத்தில் மதகை அடைப்பார்கள். அடைத்தால் உள்ளே இருக்கும் மழைநீரும் மாட்டிக்கொள்ளும். அப்புறம் பம்பு வைத்து இறைத்தால்தான் உண்டு. ஜாலான் பி. ரம்லி மாதிரித் தாழ்வான இடங்களில் கொஞ்சம் பெரிய மழைக்கே சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றுவது இதனால்தான். கால்வாயை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், போய்ச்சேரும் கடல் மட்டம் உயர்ந்தால் அந்த ஆழத்துக்குப் பலன் குறைந்துகொண்டே வரும். காலநிலை மாற்றம் பினாங்கில் எப்படி வரும் என்று கேட்பவருக்கு நான் காட்டுவது அந்த மதகைத்தான்.

சுங்கை ஆயர் ஈத்தாம் ஓரத்தில்தான் டோபி காட் இருக்கிறது. தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருந்து வந்திருக்கின்றன. ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஆற்றோரத்தில் குடியேறியவர்கள். அந்த ஆறு இன்று துவைக்க உதவுவதில்லை. மழைக்காலத்தில் பயம் மட்டும் காட்டுகிறது. ஊரின் தாழ்வான பகுதிகளில் யார் வீடு இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வேறு இடம் வாங்க வசதி இல்லாதவர்கள் வீடுதான்.

சரி, இதைச் சரிசெய்வது யார்? சாலையோரக் கால்வாய் மன்றத்துடையது. ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறையுடையது. பெரிய சாலையாக இருந்தால் பொதுப்பணித் துறை. தனியார் நிலத்துக்குள் ஓடினால் நில உரிமையாளர். சுங்கை பினாங்கு வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கான பெரிய பணம் மத்திய அரசிடமிருந்து வர வேண்டும்; அந்தத் திட்டம் கட்டம் கட்டமாக, ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் குடியிருப்பாளர் போன் போடுவது மன்றத்துக்குத்தான். மன்ற ஊழியர் வந்து பார்த்துவிட்டு, “இது ஜேபிஎஸ் பகுதி”, அதாவது வடிகால் துறையுடையது, என்று சொல்லிவிட்டுப் போவதும் நடக்கிறது. அவர் சொல்வதும் பொய் அல்ல.

இந்தப் பின்னணியில்தான் மன்றத்தின் பெயரைக் காலநிலை வட்டாரங்களில் தெரியவைத்த திட்டம் வருகிறது. பினாங்குத் தீவின் நகர்ப்பகுதிகளை இயற்கை வழியில் காலநிலைக்குத் தயார்படுத்தும் திட்டம் என்று அதன் நீண்ட பெயரைச் சுருக்கிச் சொல்லலாம். கியோத்தோ ஒப்பந்தத்தின் கீழ் உருவான தகவமைப்பு நிதியம் இதற்கு சுமார் 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. அந்த நிதியம் தொடங்கப்பட்ட விதம் சுவாரசியமானது. வளரும் நாடுகளில் கார்பன் குறைக்கும் திட்டங்களுக்குக் கிடைக்கும் கார்பன் கிரெடிட்டுகளில் 2 விழுக்காட்டை எடுத்து வைத்து, அந்தப் பணத்தில் ஏழை நாடுகளின் தற்காப்புக்கு உதவுவது என்பது ஏற்பாடு. நிதியத்துடன் ஐநாவின் குடியிருப்பு அமைப்பான யுஎன் ஹாபிடாட், உள்ளூரில் நகர்ப் புதுப்பிப்பு வேலை செய்யும் திங்க் சிட்டி, மாநகர் மன்றம், வடிகால் துறை எல்லாம் சேர்ந்த கூட்டு இது. ஜார்ஜ் டவுன், பாயான் லெப்பாஸ் என்று இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

என்ன செய்கிறார்கள்? சுருக்கமாகச் சொன்னால், நிழலையும் மண்ணையும் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சாலையோரம் மரம், சின்னச் சின்னப் பூங்கா, மழைநீரை உடனே கால்வாய்க்குத் தள்ளாமல் கொஞ்ச நேரம் தாங்கி வைத்துக் கீழே இறங்கவிடும் புல்பள்ளம், நீர்ப்பிடிப்புக் குளம். கூடவே வெப்பத்தால் வரும் நோய்கள் பற்றிய விழிப்புணர்வு, பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குமான பயிற்சிகள்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஜார்ஜ் டவுனின் வெயிலை மதியம் ஒரு மணிக்குக் கடைத்தெருவில் நடந்து பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும். லெபோ பாசாரில் ஐந்தடிக்குள், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதைக்குள், நடக்கும்வரை தாங்கலாம். கடைக்காரர் சாமான்களை ஐந்தடி முழுக்கப் பரப்பி வைத்திருந்தால் வெயிலில் இறங்க வேண்டும். இறங்கியதும் தார்ச்சாலையின் சூடு கீழிருந்து முகத்தில் அடிக்கும், மேல்மாடி ஏர்கண்டிஷனின் வெப்பக்காற்று பக்கவாட்டில் அடிக்கும். சிமெண்டும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில்தான் மெதுவாக வெளியே விடுகின்றன. அதனால்தான் ஊருக்குள் இரவிலும் புழுக்கம் குறைவதில்லை. பழைய கடைவீடுகளின் நடுவே வானம் தெரியும் முற்றம் ஒன்று விட்டிருப்பார்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும் வழி அது. பல வீடுகளில் அதைப் பிளாஸ்டிக் கூரை போட்டு அடைத்துவிட்டு, ஏர்கண்டிஷன் வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

மரம் இதில் இரட்டை வேலை செய்கிறது. நிழல் தருகிறது; இலைகளிலிருந்து ஆவியாகும் நீர் சுற்றுப்புறத்து வெப்பத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நட்டதும் நிழல் வராது. நம் ஊர்ச் சாலைகளில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களும் அங்சானா மரங்களும் பல பத்தாண்டுக் கணக்கு. புதுக் கன்று ஒன்று அந்த நிலைக்கு வருவதற்குள் கேபிள் புதைப்பவர், குழாய் பதிப்பவர், கடைப் பலகை மறைகிறது என்று கிளை வெட்டச் சொல்பவர் எல்லாரிடமிருந்தும் தப்ப வேண்டும். எத்தனை மரம் நட்டோம் என்ற எண்ணிக்கையை அறிக்கையில் படிப்பதைவிட, ஐந்தாண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்று கேட்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

இயற்கை வழி என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஊருக்குள்ளேயே ஓர் அடையாளம் இருக்கிறது. கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் சியா போய். பழைய சந்தைப் பகுதி. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. அங்கே புதைந்துபோன பிராங்கின் கால்வாயைத் தோண்டியெடுத்துச் சீர்செய்து, 2019இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த இடத்தில் இன்று தண்ணீருக்கு ஓரமாகக் குழந்தைகள் ஓடுகிறார்கள்.

அடுத்தது குப்பை. இதில் பினாங்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு. திடக்கழிவு நிர்வாகத்தை மத்திய அரசிடம் கொடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, பினாங்கு ஏற்கவில்லை. அதனால் மின்சாரமும் தண்ணீரும் பஸ்ஸும் போன பிறகும் குப்பை மட்டும் மன்றத்திடமே தங்கிவிட்டது. துப்புரவு வேலையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருந்துவந்த மன்றம் இது. எத்தனையோ குடும்பங்களின் கதை நகராட்சிக் குடியிருப்பில் தொடங்கியது.

குப்பைக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், மிஞ்சிய சோறும் காய்கறியும் குப்பைமேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் வருகிறது. கரியமில வாயுவைவிட மீத்தேன் வெப்பத்தைப் பல மடங்கு பிடித்து வைக்கும். தீப்பிடித்தாலும் எளிதில் அணையாது. 2020 ஆகஸ்டில் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தபோது சுற்றியிருந்தவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2022 ஜனவரியில் கரைக்கு அந்தப் பக்கம், தீவின் குப்பையும் போய்ச்சேரும் பூலாவ் பூரோங் எரிந்தது. புகையில் அவதிப்பட்டது பக்கத்துத் தோட்டத்து, கம்பத்து மக்கள். நாம் தீவில் உருவாக்கும் குப்பைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

பினாங்கு 2009இலேயே இலவசப் பிளாஸ்டிக் பை இல்லாத நாள் என்று தொடங்கியது. 2011இலிருந்து எல்லா நாளும் பைக்கு 20 காசு வாங்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் எத்தனை முணுமுணுப்பு! இன்று சந்தைக்குப் போகும் அம்மாக்கள் துணிப்பையோடுதான் கிளம்புகிறார்கள். 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. தரைவீடுகளில் ஓரளவு நடக்கிறது. அடுக்குமாடியில் ஒரே குழாயில், ஒரே தொட்டியில் எல்லாம் கலந்து விழும்போது எட்டாம் மாடி அக்கா மட்டும் பிரித்து வைத்து என்ன பயன்? உணவுக் கழிவைத் தனியாக எடுக்கும் ஏற்பாடு அடுக்குமாடிக்கும் சந்தைக்கும் உணவங்காடிக்கும் போனால்தான் மீத்தேன் கணக்கில் மாற்றம் தெரியும். தைப்பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலைச் சாலையில் அள்ளப்படும் குப்பையையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. பந்தலில் அன்னதானம் பெரிய புண்ணியம்தான். அந்தத் தட்டையும் கோப்பையையும் விடியும்வரை கூட்டி அள்ளுபவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இருக்க, மன்றத்தின் கையில் இருக்கும் மிகப் பெரிய சாவி கட்டட அனுமதி. மலையில் எவ்வளவு உயரம்வரை வெட்டலாம், ஒரு மனையில் எவ்வளவு சிமெண்ட் போடலாம், மழைநீரைத் தாங்கும் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் தீர்மானமாகின்றன. வடிகால் துறையின் நகர மழைநீர் வழிகாட்டி 2000ஆம் ஆண்டிலிருந்தே, புதிய கட்டுமானம் தன் மனைக்குள் மழைநீரைத் தாங்கிப் பிடித்து மெதுவாக விட வேண்டும் என்கிறது. காகிதத்தில் எல்லாத் திட்டமும் அதற்கு இணங்கும். கட்டி முடித்து, ஐந்து ஆண்டு ஆகி, அந்தத் தொட்டியில் மண் நிறைந்த பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள்?

மலை விஷயத்தில் பினாங்குக்கு ஒரு விதி உண்டு. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர், அதாவது 250 அடிக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டக்கூடாது. ஆனால் “சிறப்புத் திட்டம்” என்று ஒரு விலக்கும் அதோடு சேர்ந்தே இருந்தது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண்சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓராண்டு கழித்து, 2018 அக்டோபரில், புக்கிட் கூகூஸில் 9 பேர். இரண்டாவது, மாநகர் மன்றமே மேற்கொண்ட சாலைத் திட்டம். இறந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். காலநிலைத் திட்டம் என்று தனியாக ஓர் ஆவணம் எழுதி, மலைச்சரிவு அனுமதியை வேறு மேசையில் வைத்திருந்தால் முதல் ஆவணம் வெறும் அச்சுச் செலவுதான்.

தெற்கே கடலைத் தூர்த்து சிலிக்கான் தீவு உருவாகிறது. முதலில் மூன்று தீவுகள் என்று இருந்த திட்டம் 2023இல் ஒரே தீவாக, சுமார் 2,300 ஏக்கராகக் குறைந்தது. அது மாநிலத்தின் முடிவு. மன்றம் அங்கே சின்னப் பிள்ளை. ஆனாலும் ஒரு பக்கம் பாயான் லெப்பாஸில் மழைநீருக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டு, மறுபக்கம் அதே கடற்கரைக்கு வெளியே புதிய நிலம் கொட்டுவதைப் பார்க்கும் மீனவர் எதை நம்புவார்?

சாதாரணக் குடியிருப்பாளருக்கு இந்தக் கோப்புகளில் நுழைய ஒரு சின்ன வாசல் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் யாராவது கட்ட விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கவனியுங்கள், நில உரிமையாளர்களுக்கு. வாடகைக்கு இருப்பவருக்குக் கடிதம் வராது. உள்ளூர்த் திட்டம் வந்துவிட்டால் அந்தக் கடிதத்துக்கும் வேலை இல்லை. எந்த மனையில் என்ன வரலாம் என்பதை அந்தத் திட்டமே முடிவு செய்துவிடும். 2022இல் தீவின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வெள்ளம் வந்த மறுநாள் முகநூலில் எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்த வரைபடத்தில் தம் தாமானை, தம் குடியிருப்புப் பகுதியை, தேடிப் பார்த்தார்கள்?

இன்னொன்று, பணம். வெளிநாட்டு நிதி ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான். புல்பள்ளத்தில் மண் சேரும், குளத்தில் பிளாஸ்டிக் மிதக்கும், கொசு வந்தால் குடியிருப்பாளர்களே அதை மூடச் சொல்லி மனு கொடுப்பார்கள். சிமெண்ட் கால்வாயைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஊழியருக்குப் புல்பள்ளத்தைப் பராமரிப்பது வேறு வேலை. அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், நாம் ஆண்டுக்கு இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடு வேண்டும். ஆண்டு இறுதியில் மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் வரும்போது, புதிய திட்டங்களின் பட்டியலைத் தாண்டிப் பராமரிப்பு என்ற வரியில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.